நீளம் மட்டும் நம்முடையது

சைக்கிள் சக்கரத்தின் மையத்தில், ஹப்பின் உள்ளீடற்ற அச்சுக்குள், 5 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு கம்பி ஓடுகிறது. ஒரு முனையில் மடக்குப் பிடி. மறுமுனையில் மரை, அதன்மேல் ஒரு நட்டு. ஸ்க்யூவர் என்று பெயர். பிடியை மடக்கும்போது அதற்குள் இருக்கும் மையம் விலகிய உருளை கம்பியைச் சற்றே இழுக்கிறது. பிடிக்கும் நட்டுக்கும் நடுவே ஃபோர்க்கின் இரண்டு கால்களும் அச்சோடு சேர்ந்து நெரிபடுகின்றன. சக்கரம் இடம்பெயராமல் நிற்கிறது. ஓட்டுபவரின் எடையைச் சுமப்பது அச்சின் வேலை. இந்தக் கம்பி செய்வதெல்லாம் இழுபட்ட நிலையில் இருப்பதுதான். இவ்வளவு எளிய பொருளிலும் கிட்டத்தட்ட எல்லாமே முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டவை: தடிமன் 5 மி.மீ., மரையின் இடைவெளி 0.8 மி.மீ., மரையின் கோணம் 60 பாகை. தீராமல் எஞ்சியிருப்பது நீளம் ஒன்றே. அந்த நீளத்தை வேண்டிய அளவுக்கு வீட்டுப் பட்டறையில் செய்துகொள்வது, பார்ப்பதற்கு ஓய்வுநேரக் கைவேலை. ஆனால் எல்லாப் பொருளும் ஆலையிலிருந்து முடிந்த வடிவில் வந்து சேரும் காலத்தில் வீட்டுப் பட்டறைக்கு என்னதான் வேலை என்ற கேள்விக்கு இந்தச் சிறு கம்பியிடம் தெளிவான விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். பொது அளவுகள் திறந்துவிட்டிருக்கும் இடத்தைச் சரியாக நிரப்புவது, அவை மூடிவைத்த இடங்களில் கைவைக்காமல் இருப்பது. இரண்டும் சேர்ந்ததே அந்த வேலை.

நீளம் ஏன் ஆளுக்கு ஆள் மாறுகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். முன்சக்கர ஹப்பின் அகலம் பெரும்பாலும் 100 மி.மீ. பின்சக்கரத்தில் அப்படி ஒரே எண் நிலைத்ததில்லை. ஐந்து பல்சக்கரங்கள் இருந்த காலத்தில் 120. ஆறும் ஏழும் வந்தபோது 126. எட்டு வந்தபோது சாலைச் சைக்கிள்களில் 130, மலைச் சைக்கிள்களில் 135. இருவர் ஓட்டும் டாண்டம் சைக்கிளில் 140, 145, 160 என்று போகிறது. பருத்த டயர் சைக்கிளில் 170 உண்டு. மடக்குச் சைக்கிள் சிலவற்றின் முன்சக்கரத்தில் 74 மட்டுமே. இதோடு ஃபோர்க்கின் காலில் அச்சு அமரும் பிளவின் தகட்டுத் தடிமன் சேர்கிறது. பழைய எஃகுச் சட்டங்களில் அது மெல்லியது, அலுமினியத்தில் தடித்தது. குழந்தை வண்டியைப் பின்னால் இணைப்பவர்கள் அந்த வண்டியின் கொக்கித் தகட்டையும் இதே கம்பிக்கு இடையில் செருகுகிறார்கள். கணக்குப் போட்டால் தெரியும்: 135 மி.மீ. ஹப், இருபுறமும் 7 மி.மீ. தகடு, 5 மி.மீ. கொக்கி என்றால் 154 ஆகிறது. நட்டுக்குள் போகவேண்டிய மரையையும் சேர்த்தால் 160-ஐத் தாண்டும். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் பின்சக்கரக் கம்பி இந்தக் கூட்டலை எதிர்பார்த்துச் செய்யப்பட்டதல்ல. ஒவ்வொரு பாகமும் ஏதோ ஒரு பொது அளவுக்கு உட்பட்டதுதான்; ஆனால் அவற்றின் கூட்டுத்தொகை எந்தப் பொது அளவுக்கும் உட்படுவதில்லை. தனி நபரின் சைக்கிள் என்பது உண்மையில் அந்தக் கூட்டுத்தொகைதான்.

தமிழ்நாட்டில் பல தலைமுறைகள் ஓட்டிய கறுப்பு ரோட்ஸ்டர் சைக்கிளில் இந்தச் சிக்கல் எழவே இல்லை. அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-இல் தொடங்கப்பட்டபோது அங்கு வந்த பிரிட்டிஷ் மரபின் வண்டிகளில் அச்சு உள்ளீடு நிறைந்த தண்டு. அதன் இரு முனைகளிலும் தாராளமாக மரை ஓடும். ஸ்டாண்டு, கேரியர், மட்கார்டின் தாங்கு கம்பி என எல்லாவற்றையும் அந்த மரையின் மேலேயே அடுக்கி, கடைசியில் நட்டைப் போட்டு ஸ்பேனரால் இறுக்கினார்கள். இன்னும் ஒரு தகட்டைச் சேர்த்தாலும் நட்டு அந்த அளவுக்கு வெளியே நகர்ந்து நிற்கும், அவ்வளவுதான். நீளத்தில் இருந்த தாராளம் எல்லா மாற்றங்களையும் உள்வாங்கிக்கொண்டது. ஸ்க்யூவரில் அந்தத் தாராளம் குறைக்கப்பட்டிருக்கிறது. மரை கம்பியின் கடைசிச் சில சென்டிமீட்டரில் மட்டுமே உண்டு. நட்டு பெரும்பாலும் ஒருபுறம் மூடியது. வேகத்துக்காகவும் எடைக்காகவும் செய்த இந்தச் சிக்கனம்தான் நீளத்தை ஒரு பிரச்சினையாக்கியது.

வேகம் என்று சொல்வதற்குக் காரணம் இந்தப் பாகம் பிறந்த இடம். இத்தாலியின் விசென்சாவைச் சேர்ந்த பந்தய வீரர் துல்லியோ கம்பஞோலோ 1927 நவம்பரில் குரோசே தாவுனே கணவாயில் பனியில் விறைத்த விரல்களால் சக்கரத்தின் நட்டைக் கழற்ற முடியாமல் தவித்தார், அந்தத் தவிப்பில் பிறந்ததே இந்தக் கருவி என்பது சைக்கிள் உலகம் விரும்பிச் சொல்லும் கதை. கணவாயில் அவருக்கு நினைவுச்சின்னமும் இருக்கிறது. கதையை ஆராய்ந்தவர்கள் அதை ஐயத்தோடுதான் பார்க்கிறார்கள். கதை எப்படியிருந்தாலும் 1933-இல் அவர் தொடங்கிய நிறுவனம் இந்தக் கருவியை உலகெங்கும் கொண்டுசேர்த்தது. பந்தயத்தில் பஞ்சரான சக்கரத்தை நொடிகளில் கழற்றி இன்னொன்றை மாட்டவேண்டும். மாட்டப்படும் சக்கரம் எந்த வண்டியிலும் பொருந்தவேண்டும். பரிமாற்றம்தான் அங்கே உயிர். தன் ஒரே சைக்கிளில் குழந்தை வண்டியை இணைக்க நீளமான கம்பி வேண்டுபவருக்கு அந்த நொடிகளால் பயன் எதுவும் இல்லை. அவருக்கு வேண்டியது தன் வண்டியோடு பொருத்தம். பந்தயத்துக்குப் பிறந்த பாகம் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது தேவை மாறிவிட்டது, அளவு மாறவில்லை. வீட்டுப் பட்டறை நுழைய நியாயமான இடம் இந்த இடைவெளி.

பொது அளவுக்கும் பட்டறைக்கும் இயல்பான பகை இருப்பதுபோலப் பேசுவது வழக்கம். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதற்பாதி வரை இங்கிலாந்தில் ஒரு பட்டறையின் நட்டு இன்னொரு பட்டறையின் போல்ட்டில் ஏறாது. ஜோசப் விட்வொர்த் 1841-இல் முன்வைத்த மரை அளவு ஏதோ அரசாணையாக மேலிருந்து இறங்கியதன்று. பல பட்டறைகளில் புழங்கிய திருகுகளைத் திரட்டி, அவற்றின் நடுவளவைக் கண்டு, 55 பாகைக் கோணத்தையும் ஒவ்வொரு தடிமனுக்கும் உரிய மரை எண்ணிக்கையையும் அவர் வகுத்தார். 1864-இல் அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 60 பாகையை முன்மொழிந்தார். இன்றைய மெட்ரிக் மரையின் கோணமும் அதுவே. பொது அளவு என்பது பட்டறைகளின் கூட்டு அனுபவம் இறுகி உருவானது என்று கொள்வதில் தவறில்லை. அதில் கவனிக்கவேண்டியது அது எதைக் கட்டுப்படுத்தியது, எதை விட்டது என்பதுதான். தடிமன், இடைவெளி, கோணம் ஆகியவை ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டன. எவ்வளவு நீளத்துக்கு மரை போடுவது என்பது அந்த இலக்கணத்துக்கு வெளியே நின்றது. போல்ட்டுகளுக்கு விருப்ப நீளப் பட்டியல்கள் பின்னாளில் வந்தாலும், 163 மி.மீ. நீளமுள்ள கம்பி பட்டியலில் இல்லை என்பதால் எந்த நட்டும் அதில் ஏற மறுப்பதில்லை. ஆலையில் நெய்த துணியை உடம்பின் அளவுக்கு வெட்டுகிற தையல்காரர் நூலின் முறுக்கை மாற்றுவதில்லை. அதே உறவுதான் இங்கும்.

நீளம் திறந்த இடம் என்பதால் அது எளிய இடம் என்று நினைத்துவிடக் கூடாது. ஸ்க்யூவரில் நீளம் என்பது ஒரு எண் அல்ல, மூன்று எண்கள்: கம்பியின் மொத்த நீளம், மரை தொடங்கும் இடம், நட்டின் உள் ஆழம். மூன்றில் எது தவறினாலும் கம்பி கையை ஏமாற்றும். மொத்த நீளம் கூடினால் மூடிய நட்டின் அடியில் கம்பியின் முனை முட்டிக்கொள்ளும். நட்டு இறுகிவிட்டதாகக் கைக்குத் தோன்றும், ஃபோர்க்கின் கால்கள் நெரிபட்டிருக்காது. மரை தொடங்கும் இடம் தள்ளிப்போனால் நட்டு மரையின் முடிவில் சிக்கி நின்றுவிடும். அங்கும் அதே போலி இறுக்கம். அச்சின் முனை ஃபோர்க் தகட்டைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் நெரிபடுவது தகடு அல்ல, அச்சு. மறுபடியும் அதே ஏமாற்று. நீளம் குறைந்தாலோ ஆபத்து வேறு வகை. எஃகு நட்டுக்குள் குறைந்தது கம்பியின் தடிமன் அளவுக்காவது, அதாவது 5 மி.மீ. ஆழத்துக்கு, மரை பிடிக்கவேண்டும். 0.8 மி.மீ. இடைவெளியில் அது ஏறக்குறைய ஆறு சுற்று. அலுமினிய நட்டானால் ஒன்றரை மடங்கு. ஆகவே வேண்டிய நீளம் என்பது ஒரு புள்ளி இல்லை. மேலும் கீழும் எல்லை உள்ள ஒரு சிறு வெளி. அந்த வெளியைக் கண்டறிய ஹப்பையும் தகட்டையும் நட்டின் ஆழத்தையும் தனித்தனியே வெர்னியரால் அளக்கவேண்டும். எந்த ஆலையும் இதை உங்களுக்காக அளக்க முடியாது, ஏனென்றால் அந்தச் சேர்க்கை உங்கள் வண்டியில் மட்டுமே இருக்கிறது.

இனி, திறந்திராத இடங்கள். முதலாவது உலோகம். கணக்குக்காக ஸ்க்யூவரின் இழுவிசையை 5000 நியூட்டன் என்று கொள்வோம். 500 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். 5 மி.மீ. மரையின் பயனுள்ள குறுக்குப் பரப்பு 14.2 சதுர மி.மீ. வகுத்தால் கம்பியில் எழும் தகைவு ஏறக்குறைய 350 மெகாபாஸ்கல். இரும்புக் கடையில் மீட்டர் கணக்கில் விற்கும் முழுமரைக் கம்பி பெரும்பாலும் தாழ்ந்த தரம். தர எண் 4.6 என்றால் உடையும் வலிமை 400, நிரந்தரமாக நீளத் தொடங்கும் எல்லை 240. அதாவது அந்தக் கம்பி உடையாது. ஆனால் பிடியை மடக்கும்போதே மெல்ல நீண்டு, பிடிப்பை இழந்துகொண்டிருக்கும். தர எண் 8.8 என்றால் எல்லை 640. அங்கே போதிய இடைவெளி இருக்கிறது. துருப்பிடிக்காத எஃகு என்ற பெயரைக் கேட்டதும் நம்பிவிடுபவர்கள் உண்டு. அதிலும் ஏ2-50 என்ற தரத்தின் எல்லை 210 மட்டுமே, ஏ2-70-க்கு 450. போல்ட்டின் தலையில் தர எண் பொறிக்கப்பட்டிருக்கும். வெட்டி விற்கும் கம்பியில் பல நேரம் எதுவும் இருக்காது. கண்ணுக்கு இரண்டும் ஒரே பளபளப்பு, அரத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே தடை. உலோகத்தின் உள்ளமைப்பைக் கைத்திறனால் ஈடுகட்ட முடியாது. பட்டறைக்காரர் அதைத் தெரிந்து தேர்ந்தெடுக்கலாம், உண்டாக்க முடியாது.

இரண்டாவது மரை. ஆலையில் ஸ்க்யூவர் கம்பியின் மரை பெரும்பாலும் வெட்டப்படுவதில்லை, உருட்டப்படுகிறது. இரண்டு கடினத் தகடுகளுக்கு இடையில் கம்பியை அழுத்தி உருட்டும்போது உலோகம் பள்ளத்திலிருந்து மேட்டுக்கு நகர்கிறது. 2 மி.மீ. போக்ஸ் கம்பியின் முனையில் மரைப் பகுதி கம்பியைவிடச் சற்றுத் தடித்திருப்பதற்குக் காரணம் இதுவே. உருட்டிய மரையின் பள்ளத்தில் உலோக இழைகள் அறுபடாமல் வளைந்து செல்கின்றன; அழுத்தம் உறைந்து நிற்பதால் மீண்டும் மீண்டும் வரும் சுமையில் விரிசல் தொடங்குவது தாமதமாகிறது. வீட்டில் டை கொண்டு வெட்டும் மரைக்கு இந்த இரண்டு நன்மையும் இல்லை. நட்டுக்குள் நுழையும் முதல் சுற்றே மொத்தச் சுமையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை ஏற்கிறது என்பதால் அந்த முதல் பள்ளம் எப்படி இருக்கிறது என்பது சிறு விஷயமல்ல. நீளமான பழைய கம்பியை வெட்டிக் குறைக்க நினைப்பவருக்கு இன்னொரு பொறி காத்திருக்கிறது. உருட்டுவதற்கென்றே கம்பியை 4.5 மி.மீ. அளவில் எடுத்திருந்தால், மரைப் பகுதியை வெட்டி நீக்கிய பிறகு எஞ்சும் கம்பியில் 5 மி.மீ. டை வெறும் கீறலைத்தான் போடும். மேடுகள் பாதியில் நின்றுவிடும். நட்டு ஏறும், சுமை வந்ததும் வழுக்கும். வெர்னியரை ஒருமுறை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் இந்த அரை மில்லிமீட்டர்தான் முழு வேலையின் தலைவிதி.

ஆகவே செய்யத்தக்க வழி குறுகலானது. முழு 5 மி.மீ. தடிமனுள்ள, தரம் தெரிந்த கம்பி. அல்லது டாண்டம் போன்ற நீண்ட வண்டியிலிருந்து கழித்த, தடிமன் குறையாத ஸ்க்யூவர். ஹாக்சாவால் வெட்டி, முனையை அரத்தால் கூம்பாகச் சீவி, வைஸில் பிடித்து, டையைக் கம்பிக்குச் செங்குத்தாக இறக்கவேண்டும். இங்கே சாய்ந்தால் மரை முழுதும் சாயும். நட்டின் முகம் தகட்டில் ஒருபக்கமாக அமரும். இழுவிசைக்கென்றே இருக்கும் கம்பியில் வளைவு வந்து சேரும். லேத் இல்லாதவர்கள் நிற்கும் துளைக்கருவியின் சக்கில் கம்பியைப் பிடித்துக் கையாலேயே சுற்றி இந்த நேர்மையைப் பெறுகிறார்கள். எண்ணெய் விட்டு அரைச்சுற்று முன்னும் கால்சுற்றுப் பின்னுமாக ஓட்டினால் சீவல் உடைந்து வெளியேறும். கம்பியை ஒட்டி நீட்டுவது, வெல்டிங் வைப்பது போன்ற குறுக்குவழிகளுக்கு இடமே இல்லை. அச்சின் துளை 5 மி.மீ.க்குச் சற்றுத்தான் பெரியது, இணைப்புக் குழல் நுழையாது. வெல்டிங் சூடு உலோகத்தின் தரத்தைக் குலைத்துவிடும். கம்பியைக் காய்ச்சிக் கடினப்படுத்தும் ஆசையையும் விடவேண்டும். கடினமாகும் எஃகு பள்ளத்தின் அடியில் நொறுங்கவும் தயாராகிறது.

மூன்றாவது, மடக்குப் பிடி. இங்கே ஒரு முரண் இருக்கிறது. பழைய கம்பஞோலோ, ஷிமானோ வகைகளில் உருளை உலோகக் கூட்டுக்குள் மறைந்திருக்கிறது. கம்பியின் முனையே ஒரு கண்ணாக வடிக்கப்பட்டு அதற்குள் உருளை ஓடுகிறது. மண் புகாது, உராய்வு குறைவு, பிடிப்பு வலுவானது. ஆனால் அந்தக் கண்ணை வீட்டில் வடிக்க முடியாது. ஆகவே கம்பியை மாற்றவும் முடியாது. மலிவான வெளி உருளை வகைகள் பலவற்றில் கம்பி ஒரு சிறு உருண்டைத் துண்டுக்குள் மரையால் ஏறியிருக்கும். கழற்றி வேறு நீளத்துக்கு மாற்றலாம். ஆனால் உருளை திறந்தவெளியில் பிளாஸ்டிக் வளையத்தின்மேல் உராய்கிறது, பிடிப்பு குறைவு. சிறந்த பொறி மூடியிருக்கிறது, திறந்திருக்கும் பொறி சுமாரானது. இரண்டையும் தவிர்த்துவிட்டு, இரு முனையிலும் நட்டு அல்லது ஆலன் சாவித் தலை கொண்ட எளிய வடிவத்துக்குப் போவதே வீட்டுப் பட்டறைக்கு உகந்தது. எண்ணெயிட்ட 5 மி.மீ. மரையில் 5000 நியூட்டன் இழுவிசைக்கு ஏறக்குறைய 5 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும். அதை அளந்து இறுக்கும் சாவிகள் கிடைக்கின்றன. நொடிகளை விட்டுக்கொடுத்தவர் நிச்சயத்தை வாங்கிக்கொள்கிறார்.

இதற்கு வரும் முதல் மறுப்பு பணத்தைப் பற்றியது. கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கம்பிக்கு டையும் வெர்னியரும் முறுக்குச் சாவியும் வாங்குவது எந்தக் கணக்கு? கிடைக்கும் நீளமானால் வாங்கிவிடுவதே சரி; அதில் வாதமில்லை. டாண்டமுக்கும் இணைப்பு வண்டிக்கும் நீளக் கம்பிகள் விற்பனைக்கு உண்டு. என் வாதம் எஞ்சிய நீளங்களைப் பற்றியது. இன்னொன்று: வாங்குவதற்கும் அளக்கவேண்டும். மேலே சொன்ன மூன்று எண்களை அறியாதவர் கடையில் கிடைத்த நீளக் கம்பியைப் பொருத்தினாலும் மூடிய நட்டின் அடியில் முனை முட்டுவது அவருக்குத் தெரியாது. கூடுதல் நீளம் பாதுகாப்பு என்று நம்பி அவர் ஓட்டுவார். செய்யத் தெரிந்தவரின் அறிவில் பெரும்பகுதி வாங்குபவருக்கும் வேண்டிய அறிவுதான். டை ஒருபோதும் சுழலாவிட்டாலும் அந்தப் பகுதி வீணாகாது.

இரண்டாவது மறுப்பு கனமானது: இது உயிரோடு விளையாடும் இடம், தொழில்முறை அல்லாதவர் தொடக்கூடாது. இதில் பாதியை நான் ஏற்கிறேன். 2003-இல் ஜேம்ஸ் அன்னன் என்ற அறிவியலாளர் ஒரு விஷயத்தைச் சுட்டிக்காட்டினார். முன்சக்கர டிஸ்க் பிரேக்கின் பிடிப்பான் ஃபோர்க்கின் இடது காலுக்குப் பின்னால் இருப்பதால், பிரேக் பிடிக்கும்போது எழும் விசை அச்சைப் பிளவின் வாயை நோக்கிக் கீழே தள்ளுகிறது. அங்கே சக்கரத்தைப் பிடித்துவைப்பது ஸ்க்யூவரின் இறுக்கமே. அந்த இடத்தில் வீட்டில் வெட்டிய மரைக்கு வேலையில்லை என்பதை நிபந்தனையின்றி ஏற்கலாம். ரிம் பிரேக் உள்ள வண்டியின் பின்சக்கரம் வேறு கதை. அங்கே பிரேக் விசை அச்சைப் பிளவிலிருந்து வெளியே தள்ளுவதில்லை. ஆனால் மறுப்பின் மற்ற பாதி, ஆலையில் செய்தது என்பதாலேயே பாதுகாப்பு என்பது, நிற்காது. 2015-இல் டிரெக் நிறுவனம் அமெரிக்காவில் மட்டும் சுமார் 9 லட்சம் சைக்கிள்களைத் திரும்ப அழைத்தது. கம்பி உடைந்ததால் அல்ல. திறந்த நிலையில் மடக்குப் பிடி அளவுக்கு மீறிச் சுழன்று டிஸ்க் தகட்டில் சிக்கக்கூடும் என்பதால். உலோகமும் மரையும் சரியாக இருந்தும் பிடியின் இயக்க எல்லையில் பிழை இருந்தது. பாதுகாப்பு செய்தவரின் முகவரியில் இல்லை, சோதனையில் இருக்கிறது என்பதே இதன் பொருள்.

உடனே எதிர்வாதம் எழும்: ஆலை ஆயிரம் மாதிரிகளை உடைத்துப் பார்க்கும், பிழை வந்தால் திரும்ப அழைக்கும், வீட்டுப் பட்டறையிடம் இருப்பது ஒரே ஒரு கம்பி, அதை உடைத்துப் பார்த்தால் கையில் எதுவும் மிஞ்சாது. உண்மை. ஆனால் உடைக்காமல் சோதிக்கும் முறை சங்கிலிகளிலும் கொக்கிகளிலும் பழகிப்போன ஒன்று: பயன்பாட்டுச் சுமைக்குச் சற்று மேலே ஏற்றி, இறக்கிப் பார்ப்பது. கம்பியை ஒரு கனத்த எஃகுக் குழாய்க்குள் செருகி, பயன்பாட்டு முறுக்கைவிடக் கால்பங்கு கூடுதலாக இறுக்கி, விட்டுவிட்டு, கழற்றவேண்டும். 160 மி.மீ. கம்பி 5000 நியூட்டனில் ஏறக்குறைய 0.2 மி.மீ. நீளும், விட்டதும் திரும்பவேண்டும். நீளம் திரும்பாவிட்டால், அல்லது ஒரு புதிய நட்டு விரலாலேயே மரை முழுதும் ஓடாமல் எங்கோ இறுகினால், உலோகம் தன் எல்லையைத் தாண்டிவிட்டது. அந்தக் கம்பி குப்பைக்கு. தரம் குறைந்த உலோகத்தை இந்தச் சோதனை காட்டிக்கொடுக்கும். நாள்பட்ட சோர்வில் தொடங்கும் விரிசலைக் காட்டாது. ஆகவே வெட்டிய மரைக்கு ஆயுள் குறைவு என்று கொண்டு, அவ்வப்போது கழற்றிப் பார்த்து, ஐயம் வந்தால் மாற்றிவிடுவதும் சோதனையின் பகுதியே.

எதிர்த்திசையிலிருந்து வரும் மறுப்பு ஒன்றும் உண்டு. நீளத்தை மட்டும் நமக்கு விட்டுவிட்டு மற்றதையெல்லாம் ஆலைக்குக் கொடுத்துவிட்டால் அது என்ன சுதந்திரம் என்று கேட்பவர்கள், வழக்கமாகச் சைக்கிளைத் தற்சார்பின் சின்னமாக உயர்த்திப் பிடிப்பவர்கள். அவர்கள் மேற்கோள் காட்ட விரும்பும் இவான் இல்லிச், பயன்படுத்துபவரின் கட்டுக்குள் நிற்கும் கருவிகளைப் பற்றி 1973-இல் நூல் எழுதியவர். அவரே சைக்கிளைப் பாராட்டும்போது பால் பேரிங்கை மறக்கவில்லை. மைக்ரான் கணக்கில் உருண்டையான எஃகுக் குண்டுகள் இல்லாமல் அவர் புகழ்ந்த அந்த எளிமை ஓடாது. குண்டுகளை யாரும் கொல்லைப்புறத்தில் செய்வதில்லை. சைக்கிள் தற்சார்பின் சின்னம் என்பதைவிட, தொலைவில் நடக்கும் துல்லியமான உழைப்பும் கைக்கெட்டும் பழுதுபார்ப்பும் சண்டையில்லாமல் சேரும் இடம் என்பதே பொருந்தும். எல்லாவற்றையும் நானே செய்வேன் என்பவர் 4.6 தரக் கம்பியில் நம்பிக்கை வைத்து முடிப்பார். எதையும் நான் தொடமாட்டேன் என்பவர் கொக்கித் தகட்டைச் செருகியபின் நட்டுக்குள் மூன்று சுற்று மரையோடு குழந்தையை ஏற்றிப் புறப்படுவார். இருவரும் தங்கள் எல்லை எங்கே இருக்கிறது என்று பார்க்க மறுத்தவர்கள்.

இந்தப் பாகமே வழக்கொழிந்து வருகிறது என்பது கடைசி மறுப்பு. டிஸ்க் பிரேக் வண்டிகளில் அச்சும் கம்பியும் ஒன்றாகி, 12 அல்லது 15 மி.மீ. தடிமனுள்ள ஊடச்சாக மாறிவிட்டன. ஃபோர்க்கின் காலிலேயே மரை. பாதுகாப்பு நோக்கில் இது முன்னேற்றம், ஐயமில்லை. ஆனால் நீளப் பிரச்சினை அதில் தீரவில்லை, பெருகியிருக்கிறது. 12 மி.மீ. ஊடச்சில் மட்டுமே 1.0, 1.5, 1.75 என்று மூன்று மரை இடைவெளிகள் புழங்குகின்றன. ஒன்றுக்குச் செய்தது மற்றொன்றில் ஏறாது. இணைப்பு வண்டிக்கு ஏற்ற நீளங்களில் ஊடச்சு செய்வதையே தொழிலாகக் கொண்ட ராபர்ட் ஆக்சில் புராஜெக்ட் என்ற சிறு நிறுவனம் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் இயங்குகிறது. இந்த இடைவெளி எவ்வளவு உண்மையானது என்பதற்கு அதன் இருப்பே சான்று. பழைய ஸ்க்யூவரில் தடிமனும் இடைவெளியும் எல்லோருக்கும் ஒன்றாக இருந்ததால்தான் நீளம் யாருக்கும் திறந்திருந்தது. மற்றவையும் கலைந்துபோனால் நீளமும் மூடிக்கொள்கிறது. தனி நபரின் கைக்கு இடம் கிடைப்பது பொது அளவு தளரும்போது அல்ல, உறுதியாக இருக்கும்போது.

இதிலிருந்து இரண்டு கடமைகள் பிறக்கின்றன. ஒன்று தயாரிப்பாளர்களுடையது: சட்டத்தின் தகட்டுத் தடிமனையும் மரையின் இடைவெளியையும் நட்டின் ஆழத்தையும் வண்டியோடு தரும் கையேட்டில் அச்சிடுவது. இவை வியாபார ரகசியங்கள் அல்ல. வெர்னியர் வைத்திருக்கும் எவரும் காணக்கூடியவை. அச்சிடாமல் விடும்போது ஆபத்து குறைவதில்லை, ஊகம்தான் கூடுகிறது. மற்றொன்று செய்பவருடையது. ஆலைப் போல்ட்டின் தலையில் தர எண் பொறித்திருப்பது, அதை இறுக்கப்போகும் முகம் தெரியாத கைக்குச் சொல்லும் உறுதிமொழி. வீட்டில் செய்த கம்பியில் அந்தப் பொறிப்பு இல்லை. சைக்கிள் கைமாறும், இரவல் போகும், அடுத்தவர் அதை வாங்கிய பாகமென்றே நம்புவார். ஆகவே எந்த உலோகம், எந்த நீளம், மரை வெட்டியதா உருட்டியதா, எந்த முறுக்கில் சோதிக்கப்பட்டது, எந்தச் சக்கரத்தில் போடக்கூடாது என்பவற்றை எழுதி வண்டியோடு கொடுத்துவிடுவது வேலையின் கடைசிப் படி. அதைச் செய்யாதவரை கம்பி எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் வேலை முடியவில்லை. தனக்கென்று செய்த பொருளைப் பிறரும் சரிபார்க்கும்படி விட்டுவைக்கும்போதுதான் வீட்டுப் பட்டறை ஆலைக்கு இணையான பொறுப்பை ஏற்கிறது.